செல்களைக் கட்டிப்போட்டு ஆன்டிபாடி எடுப்பது எப்படி?

ஆன்டிபாடி சுரக்கும் செல்களை ஒரு பயோரியாக்டரில், அதாவது செல் வளர்க்கும் பாத்திரத்தில், வளர்க்கும்போது எல்லாமே ஒரே திரவத்தில்தான் கிடக்கின்றன. செல் அதில் மிதக்கிறது, அதன் உணவு அதில் கரைந்திருக்கிறது, அது வெளியேற்றும் கழிவும் அதிலேயே சேர்கிறது, நமக்கு வேண்டிய ஆன்டிபாடியும் அதிலேயே இருக்கிறது. கழிவை அகற்றலாம் என்று திரவத்தை வெளியே எடுத்தால் செல்களும் கூடவே போய்விடும். எடுக்காமல் விட்டால் சில நாட்களில் செல்கள் தங்கள் கழிவிலேயே செத்துப்போகும். இந்தச் சிக்கலுக்கு ஒரு தீர்வு, செல்களை ஓரிடத்தில் நிலைநிறுத்திவிடுவது. செல் இருந்த இடத்தில் இருக்கும், திரவம் மட்டும் வந்து போகும். கேட்க எளிதாக இருக்கிறது. நடைமுறையில் எங்கே கடினமாகிறது என்பதுதான் இதில் சுவையான பகுதி.

அதற்கு முன் ஆன்டிபாடி எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். கிருமியோ வேறு அந்நியப் பொருளோ உடலுக்குள் வந்தால், அதன் ஒரு குறிப்பிட்ட பகுதியை மட்டும் பிடித்துக்கொள்ளும் புரதம் இது. நாம் பெரும்பாலும் பேசும் வகை, இரண்டு கனச் சங்கிலிகளும் இரண்டு இலகுச் சங்கிலிகளும் சேர்ந்த, கவட்டைக் கம்பு போன்ற ஒரு மூலக்கூறு. எடை ஏறக்குறைய 1,50,000 டால்டன் (மூலக்கூறுகளின் எடையைச் சொல்லும் அலகு). இதைச் செய்வது பி செல்களும் அவை முதிர்ந்து உருவாகும் பிளாஸ்மா செல்களும். ஒரு பி செல் ஒரே ஒரு இலக்கைப் பிடிக்கும் ஆன்டிபாடியைத்தான் செய்யும். எனவே ஒரு நல்ல பி செல்லைத் தனியே எடுத்துப் பெருக்கினால் ஒரே மாதிரியான ஆன்டிபாடி, அதாவது மோனோகுளோனல் ஆன்டிபாடி கிடைக்க வேண்டும். ஆனால் உடலுக்கு வெளியே எடுத்த பி செல் அதிக நாள் தாங்குவதில்லை.

1975இல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜஸ் கோஹ்லரும் சீசர் மில்ஸ்டைனும் இதற்கு வழி கண்டார்கள். எலியின் பி செல்லை, முடிவில்லாமல் பெருகக்கூடிய எலி மைலோமா என்ற புற்றுநோய்ச் செல்லுடன் இணைத்தார்கள். பிறந்த கலப்புச் செல்லுக்கு ஹைப்ரிடோமா என்று பெயர். ஒரு பக்கத்திலிருந்து ஆன்டிபாடி சுரக்கும் திறன், இன்னொரு பக்கத்திலிருந்து சாகாமல் பெருகும் குணம். இருவருக்கும் நீல்ஸ் யெர்னேவுடன் சேர்த்து 1984இல் நோபல் பரிசு கிடைத்தது. நோயாளிகளுக்கான முதல் மோனோகுளோனல் மருந்து 1986இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மாற்றிய சிறுநீரகத்தை உடல் நிராகரிப்பதைத் தடுக்கும் மருந்து அது.

பாக்டீரியாவை வைத்தே இதைச் செய்யக்கூடாதா என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். பாக்டீரியா வேகமானது, 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும், தீனியும் மலிவு. ஆனால் முழு ஆன்டிபாடி சும்மா ஒரு புரதச் சங்கிலி இல்லை. நான்கு சங்கிலிகள் சரியாக மடிந்து, தங்களுக்குள் கந்தகப் பிணைப்புகள் போட்டுக்கொண்டு, குறிப்பிட்ட இடத்தில் சர்க்கரைக் கிளைகளையும் ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்தச் சர்க்கரைக் கிளை சரியில்லை என்றால் இலக்கைப் பிடித்தாலும் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் மற்ற செல்களை அழைக்கும் வேலை ஒழுங்காக நடக்காது. பாக்டீரியாவால் இதைச் செய்ய முடிவதில்லை. ஆன்டிபாடியின் பிடிக்கும் முனையை மட்டும் வெட்டி எடுத்த சிறு துண்டு போதும் என்றால் பாக்டீரியாவிலேயே செய்துகொள்ளலாம், அப்படிச் செய்த மருந்துகளும் இருக்கின்றன. முழு மூலக்கூறு வேண்டும் என்றால் விலங்குச் செல்தான் வழக்கமான வழி.

விலங்குச் செல்லோ ஒரு செல்லப்பிள்ளை. 10 முதல் 20 மைக்ரான் அளவு (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்), மேலே கடினமான செல்சுவர் கிடையாது, மெல்லிய சவ்வு மட்டும்தான். 37 டிகிரி செல்சியஸ் வெப்பம், நடுநிலையை ஒட்டிய பிஹெச், குளுக்கோஸ், குளூட்டமின், இன்னும் பல அமினோ அமிலங்கள், விட்டமின்கள் எல்லாம் வேண்டும். இரட்டிப்பாக ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். குளுக்கோஸைத் தின்று லாக்டிக் அமிலத்தையும், குளூட்டமினைத் தின்று அம்மோனியாவையும் வெளியே தள்ளும். இரண்டும் சேரச் சேர செல்லுக்கே விஷம்.

கணக்கு போட்டால்தான் பிரச்சினை புரியும்

நன்றாகச் சுரக்கும் ஒரு செல் ஒரு நாளைக்கு 20 பைக்கோகிராம் ஆன்டிபாடி தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பைக்கோகிராம் என்பது கிராமில் ஒரு லட்சம் கோடியில் ஒரு பங்கு. அற்பம் என்று தோன்றலாம். மூலக்கூறு எண்ணிக்கையில் பார்த்தால் அது நொடிக்கு ஏறக்குறைய 900 ஆன்டிபாடிகள். செல் சோம்பேறி இல்லை, மிகச் சிறியது, அவ்வளவுதான்.

சாதாரணமாகக் கலக்கி வளர்க்கும் எளிய முறையில் மில்லிலிட்டருக்கு 10 லட்சம் செல்கள் என்பது சுமாரான அடர்த்தி. ஒரு லிட்டரில் 100 கோடி. 20 பைக்கோகிராமால் பெருக்கினால் லிட்டருக்கு ஒரு நாளில் 20 மில்லிகிராம் வருகிறது. ரிட்டுக்ஸிமாப் என்ற புற்றுநோய் மருந்தை எடுத்துக்கொண்டால், உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 375 மில்லிகிராம் என்பது அதன் வழக்கமான அளவு. பெரியவர் ஒருவருக்கு ஒரே தடவைக்கு 600 மில்லிகிராமைத் தாண்டும். 20 எங்கே, 600 எங்கே! ஒன்று பாத்திரத்தைப் பெரிதாக்க வேண்டும், அல்லது அதே அளவு பாத்திரத்தில் அதிகச் செல்களை அடைக்க வேண்டும்.

இரண்டாவது வழி சாத்தியம்தான் என்பதற்கு நம் உடலே சாட்சி. திசுக்களில் மில்லிலிட்டருக்கு 10 கோடிக்கு மேல் செல்கள் நெருக்கமாக வாழ்கின்றன, பிளாஸ்கில் இருப்பதைவிட 100 மடங்குக்கு மேல். காரணம், அங்கே செல்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, ரத்தம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

சரி, மிதக்கும் செல்களுக்குப் புதுத் திரவத்தை ஊற்றிக்கொண்டே இருந்தால் என்ன? ஊற்றும் அளவுக்கு வெளியே எடுக்கவும் வேண்டுமே. எடுக்கும் திரவத்தோடு செல்களும் போகும். செல் பெருகும் வேகத்தைவிட வேகமாக எடுத்தால் பாத்திரம் காலியாகிவிடும். 24 மணி நேரத்தில் இரட்டிப்பாகும் செல்லுக்கு அந்த எல்லை என்ன என்று கணக்கிட்டால், ஒரு நாளைக்குப் பாத்திரக் கொள்ளளவில் 0.7 பங்கு என்று வருகிறது. அதற்கு மேல் போனால் நம் செல்களை நாமே கழுவிக் கொட்டுகிறோம். நிலைநிறுத்திய செல்லுக்கு இந்த எல்லை கிடையாது. நாளைக்குப் பாத்திரக் கொள்ளளவில் இரண்டு, மூன்று மடங்கு திரவத்தை மாற்றினாலும் செல்கள் அப்படியே இருக்கும். செல் எவ்வளவு காலம் தங்குகிறது என்பதையும் திரவம் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதையும் தனித்தனியாக முடிவுசெய்ய முடிகிறது. இந்த நுட்பத்தின் உயிரே அதுதான்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. பல ஹைப்ரிடோமாக்கள் பெருகுவது குறைந்த பிறகும் ஆன்டிபாடி சுரப்பதை விடுவதில்லை. இடம் நிறைந்து செல்கள் மெதுவாகிவிட்டால், தீனியின் பெரும்பகுதி புதுச் செல் கட்டுவதற்குப் போகாமல் ஏற்கெனவே இருக்கும் செல்களைப் பராமரிக்கவும் சுரக்கவும் போகிறது. வளர்ச்சிக் கட்டத்துக்குத் தேவைப்படும் விலையுயர்ந்த சீரத்தையும் (விலங்கு ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் திரவம்) அப்போது குறைத்துக்கொள்ளலாம். ஆன்டிபாடியைச் செல்லே வெளியே சுரந்துவிடுவதும் வசதியாகப் போயிற்று. செல்லை உடைத்துத்தான் பொருளை எடுக்க வேண்டும் என்றால் இந்த யோசனைக்கே அர்த்தமில்லை.

ஒட்டும் செல், ஒட்டாத செல்

புதிதாகப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் குழம்புவது இங்கேதான். விலங்குச் செல்களில் ஒரு கூட்டம் எதையாவது பிடித்துக்கொண்டால்தான் வாழும். தோலிலிருந்து எடுக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட், தடுப்பூசி தயாரிக்க உதவும் வீரோ செல் எல்லாம் இந்த வகை. இவற்றுக்கு ஒரு பரப்பு கொடுத்தால் போதும், தாமே ஒட்டிக்கொள்ளும். 1967இல் நெதர்லாந்தைச் சேர்ந்த அன்டன் வான் வெசல், திரவத்தில் மிதக்கும் நுண்மணிகளின் மேல் செல்களை வளர்த்துக் காட்டியது இப்படித்தான்.

ஹைப்ரிடோமா அந்தக் கூட்டம் இல்லை. ரத்தத்தில் சுற்றித் திரியும் பி செல்லின் வாரிசு, இயல்பாகவே மிதக்கும். வழவழப்பான மணியைக் கொடுத்தால் பெரும்பாலும் அதைக் கண்டுகொள்ளாது. ஆகவே இதை ஒட்டவைக்க முயல்வதைவிடச் சிறைப்பிடிப்பது சுலபம்: ஜெல்லுக்குள் புதைக்கலாம், பஞ்சு போன்ற துளைகளில் சிக்கவைக்கலாம், சவ்வுக்கு அந்தப்புறம் அடைக்கலாம்.

ஜெல்லில் புதைப்பதற்குப் பழைய, இன்றும் பலர் ஆய்வகத்தில் செய்துபார்க்கும் முறை ஆல்ஜினேட். கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஒரு நீள்சங்கிலிச் சர்க்கரை அது. சோடியம் ஆல்ஜினேட் கரைசலில் செல்களைக் கலந்து, கால்சியம் குளோரைடு கரைசலுக்குள் சொட்டுச் சொட்டாக விட்டால், ஒவ்வொரு சொட்டும் விழுந்த உடனே மணியாக இறுகும். கால்சியம் பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகளைக் கோத்துவிடுகிறது. வெப்பம் வேண்டாம், கடுமையான ரசாயனம் வேண்டாம், செல்லுக்கு நோகாது. பலவீனமும் அந்தக் கால்சியத்தில்தான் இருக்கிறது. வளர்ப்புத் திரவத்தில் உள்ள பாஸ்பேட் போன்றவை கால்சியத்தை மெல்ல உருவிவிட்டால் மணி இளகி, உள்ளே இருந்த செல்கள் வெளியே சிந்தும்.

1980இல் ஃபிராங்க்ளின் லிம், அந்தோனி சன் இருவரும் இன்சுலின் சுரக்கும் கணையத் திட்டுகளை ஆல்ஜினேட் மணிக்குள் வைத்து, மேலே பாலிலைசின் என்ற பூச்சைக் கொடுத்தார்கள். அந்தப் பூச்சு ஒரு சவ்வாக நிற்கிறது. அதே உத்தி பிறகு ஹைப்ரிடோமாவுக்கும் வந்தது. பூச்சின் துளை அளவைப் பொறுத்து ஆன்டிபாடியை வெளியே விடலாம், உள்ளேயே தேக்கியும் வைக்கலாம். தேக்கினால் கடைசியில் மணிகளைக் கழுவி உடைத்தால் போதும், அடர்த்தியான ஆன்டிபாடி கிடைக்கும். ஆனால் அதற்குப் பிறகு அந்தச் செல்களை மறுபடி பயன்படுத்த முடியாது. எனக்கு இது கொஞ்சம் வீணடிப்பாகவே படுகிறது. செல்லைத் தக்கவைக்கத்தானே இவ்வளவு பாடு?

நுண்துளை மணிகளும் நார்த் தட்டுகளும் இன்னொரு வகை. கொலாஜன், ஜெலட்டின், செல்லுலோஸ், பாலியஸ்டர் என்று பல பொருட்களில் செய்கிறார்கள். செல்கள் துளைக்குள் நுழைந்து, அங்கேயே பெருகி, இடத்தை நிரப்பிவிடுகின்றன. மணிகளை நெருக்கமாக அடுக்கி ஊடே திரவத்தை ஓடவிட்டால் அது நிலைப்படுக்கை. மணிகளைக் கொஞ்சம் எடை கூட்டிச் செய்து, கீழிருந்து மேலாகத் திரவத்தைத் தள்ளி அவற்றை அந்தரத்தில் மிதக்கவிட்டால் அது மிதவைப்படுக்கை. முன்னதில் திரவம் சுலபமான பாதையைப் பார்த்து ஓடி, சில மூலைகளைப் பட்டினி போடும் அபாயம் உண்டு. பின்னதில் அது குறைவு, ஆனால் ஓட்டத்தைச் சரியாகக் கட்டுப்படுத்த வேண்டும்.

ஆன்டிபாடிக்கு மிகப் பொருத்தமானது என்று நான் சொல்வது வெற்றிழை முறையை. 1972இல் ரிச்சர்ட் நாசெக்கும் உடன் ஆய்வாளர்களும் இதை விவரித்தார்கள். ரத்த நுண்குழாய்களைப் பார்த்துச் செய்த அமைப்பு அது. உள்ளே வெற்றிடமான, கால் மில்லிமீட்டரை ஒட்டிய மெல்லிய இழைகள் ஆயிரக்கணக்கில் ஓர் உருளைக்குள் கட்டாக இருக்கும். டயாலிசிஸ் இயந்திரத்தின் வடிகட்டியும் இதே அமைப்புதான். இழைகளின் உள்ளே வளர்ப்புத் திரவம் ஓடும், இழைகளுக்கு இடையே உள்ள வெளியில் செல்கள் இருக்கும். இழையின் சுவர் 10,000 டால்டனை ஒட்டிய அளவில் எல்லை போட்டால், 180 டால்டன் குளுக்கோஸும் ஆக்சிஜனும் செல் பக்கம் வரும், லாக்டிக் அமிலமும் அம்மோனியாவும் இழைக்குள் போகும், 1,50,000 டால்டன் ஆன்டிபாடி மட்டும் செல் பக்கமே நின்றுவிடும். பெரிய மூலக்கூறுகளான வளர்ச்சிக் காரணிகளையும் சீரத்தையும் அந்தச் சின்ன வெளியில் மட்டும் சேர்த்தால் போதும், ஓடும் திரவம் முழுக்கக் கொட்ட வேண்டியதில்லை. பிளாஸ்கில் மில்லிலிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில் கிடைக்கும் ஆன்டிபாடி இங்கே மில்லிகிராம் கணக்கில் சேரும்.

எல்லாத் தொல்லைக்கும் வேர் ஆக்சிஜன்

வளர்ப்புத் திரவத்தில் குளுக்கோஸை லிட்டருக்கு 25 மில்லிமோல் வரைகூட கரைத்து வைக்கலாம். ஆக்சிஜன்? காற்றோடு சமநிலையில் இருக்கும்போது லிட்டருக்கு 0.2 மில்லிமோல்தான் கரையும். நூறில் ஒரு பங்குகூட இல்லை. மில்லிலிட்டருக்கு 10 லட்சம் செல்கள் இருந்தால் அந்தச் சேமிப்பு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் தாங்கும். நாம் பெருமையாகச் சொல்லும் 10 கோடி அடர்த்தியில் அதே ஆக்சிஜன் அரை நிமிடத்தை ஒட்டித் தீர்ந்துவிடும். செல்லை நெருக்கி அடைப்பது பெரிய விஷயமில்லை, அடைத்த செல்லுக்கு மூச்சு கொடுப்பதுதான் பெரிய விஷயம்.

நிலைநிறுத்திய செல்லின் பக்கத்தில் கலக்கும் கருவியும் இருக்காது, காற்றுக் குமிழியும் வராது. ஆக்சிஜன் கடைசித் தூரத்தைத் தானாகப் பரவித்தான் கடக்க வேண்டும். அடர்த்தியான செல் கூட்டத்தில் அது 100 முதல் 200 மைக்ரான் வரைதான் எட்டும். ஒரு மில்லிமீட்டர் மணியைச் செல்களால் நிரப்பினால் வெளி ஓடு உயிரோடு இருக்கும், நடு செத்துக் கிடக்கும். செத்த செல்கள் சும்மா கிடப்பதும் இல்லை. உடைந்து புரதத்தை வெட்டும் நொதிகளை வெளியிடும், நாம் சேர்க்கும் ஆன்டிபாடியையே அவை கடிக்கும். மணியைச் சின்னதாக்கினால் நடுப்பகுதி பிழைக்கும், ஆனால் சின்ன மணியை ஓட்டத்தில் பிடித்து நிறுத்துவது கடினம். இந்த இழுபறிக்கு நடுவில்தான் ஒவ்வொரு வடிவமைப்பும் நிற்கிறது.

வெற்றிழையில் இதே பிரச்சினை வேறு உருவில் வரும். திரவம் நுழையும் முனையில் ஆக்சிஜன் நிறைவு, போகப் போகக் குறைவு. போதாததற்கு, நுழையும் முனையில் அழுத்தம் அதிகம் என்பதால் கொஞ்சம் திரவம் சுவரைத் தாண்டிச் செல் பக்கம் வந்து, அங்கேயே ஓடி, மறுமுனையில் திரும்ப இழைக்குள் போகும். அந்த ஓட்டம் புரதங்களையும் செல்களையும் ஒரே பக்கம் ஒதுக்கிவிடும். இதற்கு எளிய மருந்து, அவ்வப்போது ஓட்டத்தின் திசையை மாற்றுவது. அப்புறம், ஓர் உருளையை நீளமாக்கிக்கொண்டே போக முடியாததற்கும் இதுவே காரணம். உற்பத்தியைக் கூட்ட வேண்டுமென்றால் இன்னொரு உருளையைப் பக்கத்தில் வைக்க வேண்டியதுதான்.

அதே சமயம், குமிழி இல்லாதது ஒரு வகையில் நல்லதும்கூட. செல்சுவர் இல்லாத விலங்குச் செல்லுக்குக் கலக்கியின் சுழற்சியைவிட, மேற்பரப்பில் குமிழி வெடிக்கும் அதிர்ச்சிதான் பெரிய ஆபத்து. மிதவை வளர்ப்பில் அதைத் தடுக்கப் பொலாக்ஸமர் என்ற பொருளைச் சேர்க்கிறார்கள். நிலைநிறுத்தும் முறையில் ஆக்சிஜனை வெளியே தனிக் கருவியில் ஏற்றிவிட்டுத் திரவத்தை மட்டும் செல்களிடம் அனுப்பலாம்.

இயக்குபவருக்கு இன்னொரு சங்கடம் உண்டு. மிதவை வளர்ப்பில் ஒரு சொட்டு எடுத்து, டிரைபான் நீலத்தில் சாயமேற்றி, உயிருள்ள செல் எத்தனை என்று நுண்ணோக்கியில் எண்ணிவிடலாம். ஜெல்லுக்குள்ளும் சவ்வுக்குப் பின்னாலும் இருக்கும் செல்லை எப்படி எண்ணுவது? மணிநேரத்துக்கு எவ்வளவு ஆக்சிஜன் குறைகிறது, எவ்வளவு குளுக்கோஸ் செலவாகிறது, எவ்வளவு லாக்டிக் அமிலம் வருகிறது என்று அளந்து, உள்ளே நிலைமை எப்படி என்று ஊகிக்கிறார்கள். குளுக்கோஸ் செலவு குறையாமல் ஆன்டிபாடி மட்டும் குறைந்தால், சுரக்கும் திறனை இழந்த செல்கள் மற்றவற்றை ஓரங்கட்டிவிட்டனவோ என்று சந்தேகிக்க வேண்டும். ஹைப்ரிடோமா குரோமோசோம்களை உதிர்க்கும் பழக்கம் உள்ளது. வாரக்கணக்கில் ஓடும் இயக்கத்தில் இது கவலைப்பட வேண்டிய விஷயம். கிருமித் தொற்றும் அப்படியே: நாட்கள் கூடக் கூட, நுழைவதற்கான வாய்ப்பும் கூடும்.

வெளியே வந்த திரவத்திலிருந்து ஆன்டிபாடியைப் பிரிப்பது பொதுவான வேலைதான். ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாவில் கண்டெடுத்த புரோட்டீன் ஏ, பல வகை ஆன்டிபாடிகளின் தண்டுப் பகுதியைப் பிடித்துக்கொள்ளும். அதை நிரப்பிய குழாய் வழியாகத் திரவத்தை விட்டு, பிறகு அமிலக் கரைசலால் கழுவினால் ஆன்டிபாடி கழன்று வரும். செல்கள் உள்ளேயே தங்கிவிட்டதால் வரும் திரவம் ஓரளவு தெளிவாக இருக்கும், முதல்கட்ட வடிகட்டல் சுலபம்.

இவ்வளவு நன்மை இருந்தும், இன்றைக்குப் பெரிய அளவில் விற்கும் ஆன்டிபாடி மருந்துகளில் பெரும்பாலானவை மிதக்கும் செல்களிலிருந்துதான் வருகின்றன. 1957இல் தியோடர் பக் சீன வெள்ளெலியின் சூலகத்திலிருந்து தனிப்படுத்திய சிஹெச்ஓ செல், பொறுமையாகப் பழக்கினால் எதிலும் ஒட்டாமல் மிதந்தே வளர்கிறது. அதற்குள் ஆன்டிபாடி மரபணுவை நுழைத்து, தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கும் முறையைப் பல ஆண்டுகள் மெருகேற்றியதில், லிட்டருக்கு 5 கிராம் என்பது இன்று சாதாரணமாகிவிட்டது. பாத்திரம் 10,000 லிட்டரைத் தாண்டியும் போகிறது. பெரிதாக்க முடிந்தவர்களுக்கு நெருக்கி அடைக்க வேண்டிய அவசரம் குறைந்துவிட்டது.

நிலைநிறுத்தும் முறை அதனால் ஒழிந்துபோகவில்லை. பரிசோதனைக் கருவிகளுக்கும் ஆய்வுக்கும் சில கிராம் ஆன்டிபாடி போதும் என்கிற இடங்களில் வெற்றிழை இன்னும் வேலை செய்கிறது. முன்பு அந்த அளவுக்கு எலியின் வயிற்றுக் குழிக்குள் ஹைப்ரிடோமாவைச் செலுத்தி, அங்கே தேங்கும் நீரை உறிஞ்சி எடுப்பார்கள். எலிக்கு அது கடும் வேதனை, அதைத் தவிர்க்க முடிந்தது வெற்றிழை போன்ற கருவிகளால்தான். ஒட்டி வாழும் செல்களில் வைரஸ் வளர்க்க வேண்டிய தடுப்பூசிகளுக்கும் மரபணுச் சிகிச்சைக்கான வைரஸ் கடத்திகளுக்கும் நிலைப்படுக்கை பயோரியாக்டர்கள் இருக்கின்றன. நார்ப் படுக்கையை நெருக்கமாக அடுக்கி, ஒரே கருவியில் 500 சதுர மீட்டர் வளர்ப்புப் பரப்பு வரை கொடுக்கிறார்கள்.

ஆன்டிபாடி ஆலைகளிலும், செல்லைத் தக்கவைத்துத் திரவத்தை மாற்றும் யோசனை வேறு வேடத்தில் திரும்பி வந்திருக்கிறது. செல்களை மிதக்கவே விட்டு, வெளியே செல்லும் வழியில் ஒரு வடிகட்டியை வைத்து, திரவத்தை முன்னும் பின்னுமாக அதன் வழியே தள்ளுகிறார்கள். அடைப்பு குறைகிறது, செல்கள் பாத்திரத்திலேயே நிற்கின்றன, மில்லிலிட்டருக்கு 5 கோடி, 10 கோடி என்று அடர்த்தி ஏறுகிறது, தேவைப்பட்டால் மாதிரி எடுத்து எண்ணவும் முடிகிறது. ஆனால் தக்கவைத்துக்கொண்டே போனால் செத்த செல்களும் சேரும், உயிருள்ளவையும் அளவுக்கு மீறிப் பெருகும். அதனால் தினமும் கொஞ்சம் செல் கலவையை வேண்டுமென்றே வெளியே எடுத்துக் கொட்டுகிறார்கள். ஜெல்லுக்குள் அடைத்த செல்களிடம் இதைச் செய்ய வழியில்லை.